வீட்டை விட்டு நகராத புள்ளி

ஷைனி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்த முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தேரிவிளைச் சந்தையில் சாளை மலிந்து கிடந்ததால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வீட்டு வாசலிலும் பக்கவாட்டிலும் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆகவே சாயங்காலம் ஷைனி தோளில் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டியதையும், கையெல்லாம் மீன் செதிலோடு இன்னொரு ஷைனி உள்ளேயிருந்து வந்து கதவைத் திறந்ததையும் அவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். மாமியார் தங்கபாய் மட்டும், "ஏட்டி, உள்ள இருந்துக்கிட்டே வெளிய நின்னு தட்டுத, இது என்ன விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வந்தவள் வாசற்படியைத் தாண்டினாள். தாண்டியதும் கதவைத் திறந்தவள் இல்லை. ஷைனி ஒருத்திதான் நின்றாள், அவள் கையில் மீன் நாற்றம் இருந்தது.

காரியத்தைச் செய்தவள் அவளுடைய அக்கா லீமா. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்காரவும் ஒரு ஆள் நிற்கவும் மட்டும் இடமுள்ள செல்போன் கடை அவளுடையது. கல்யாணம் காட்சி என்று யாராவது வாயெடுத்தால் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் காட்டி ஓட்டிவிடுவாள். தாயும் தகப்பனும் போன பிறகு தங்கச்சியை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தது வரை எல்லாம் அவள்தான். திட்டிக்கொண்டேதான் வளர்த்தாள். ஷைனிக்கு அக்காவின் திட்டு இல்லாமல் சோறு இறங்காது என்று ஊரில் கேலி உண்டு.

தேரிவிளையில் பாதி வீட்டு ஆம்பிளைகள் வளைகுடாவில் இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம் இருந்துவிட்டு விமானம் ஏறுகிறவன், போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெண்டாட்டிக்கு ஒரு விலை உயர்ந்த போன் வாங்கி அனுப்புவான். அதில் 'கூடு' என்ற ஆப்பை அவனே போட்டிருப்பான். அதைத் திறந்தால் ஊர்ப் படம் தெரியும், படத்தில் நீலமாக ஒரு புள்ளி தெரியும், அந்தப் புள்ளிதான் பெண்டாட்டி. புள்ளி வீட்டில் இருந்தால் அங்கே மணலில் வேலை செய்கிறவன் நிம்மதியாகச் சாப்பிடுவான், புள்ளி தெருமுனையைத் தாண்டினால் இங்கே போன் அடிக்கும். ஷைனியின் புருஷன் எட்வின்ராஜ் சவூதியில் தம்மாமில் இருந்தான். அவளோ திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் வேலை கற்றுக்கொள்ள இடம் வாங்கியிருந்தாள். "நான் சம்பாதிக்கலியா, ஒனக்கு எதுக்கு அந்த நாத்தம் பிடிச்ச வேலை" என்று அவன் சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வகைப் போனின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து மாற்றுவது உண்டு. ஆனால் உடைத்த போனை அந்த ஆப் கண்டுபிடித்து ஆளுக்குச் சொல்லிவிடும். லீமாவுக்கு வேறு வழி தெரியும். போனைத் தொடவே வேண்டாம். ஆப்பை மட்டும் தனியாக எடுத்து, தையல் பிரிப்பது போலப் பிரித்து, புள்ளியை நகரவிடாமல் நிறுத்தச் சின்னதாக ஒரு ஃபைலை உள்ளே சொருகி, மறுபடி தைத்து, "இது நானே செய்த ஆப், பரீட்சை பார்க்கிறேன்" என்று தன் பெயரில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கேபிள் வழியாகப் போனுக்குள் ஏற்றிவிட்டால், போன் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ளும். ஒரே சங்கடம், கையெழுத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுசு. வாராவாரம் வந்து புதுப்பிக்க வேண்டும். எந்த வேலையையும் முதலில் தன்னுடைய பழைய போனில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் லீமா அடுத்தவர் போனில் கை வைப்பாள். அன்றும் அப்படித்தான் செய்தாள். தன் போனில் ஊர்ப் படத்தில் புள்ளியைக் கடையின் மேல் குத்தினாள், அது நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள், போனை டிராயரில் போட்டுவிட்டுத் தங்கச்சியின் போனை எடுத்துப் புள்ளியை அவள் வீட்டில் குத்தினாள். புள்ளி பொய்யாக இருக்கும் என்று நினைத்தாள். அது பொய்யாக இல்லாமல் போனதுதான் விஷயம்.

செய்தி கேட்டதும் லீமா பயந்துபோனாள். ஆனால் ஊர் பயப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் பத்திருபது வீட்டுப் பெண்கள் கடை முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்திக்குத் தையல் கடை வைக்க வேண்டும், ஒருத்திக்குத் தாய்வீட்டில் படுத்திருக்கும் அம்மையைப் பார்க்க வேண்டும், ஒருத்திக்குச் சும்மா கன்னியாகுமரி வரை போய் ஒரு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வர வேண்டும். லீமாவால் யாரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. எல்லோருக்கும் தைத்தாள், எல்லோருக்கும் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டிலிருப்பவளுக்குப் 'புள்ளி' என்றே பெயராகிவிட்டது. "ஒங்க மருமவ இருக்காளா, புள்ளியா ஆளா?" என்று வாசலில் நின்று கேட்பது சாதாரணமாயிற்று. புள்ளிக்கு வேர்க்காது. மரச்சீனிக் கிழங்கு அவிக்கும், துணி துவைக்கும், வீடியோ காலில் முகம் காட்டும், எதைக் கேட்டாலும் கடைசியில் "இங்கதான் இருக்கேன்" என்று முடிக்கும். ரேஷன் கடைக் கருவி அதன் விரல் ரேகையை ஒப்புக்கொண்டதால் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். மகளிர் குழுவில் புள்ளி வந்தால் வருகை உண்டு, ஓட்டு கிடையாது என்று முடிவானது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள்தான் வர வேண்டும், எங்குமே போகாத புள்ளிக்குப் பாவம் ஏது என்று கோயில் ஃபாதர் சொல்லிவிட்டார். மாமியார்கள்தான் உள்ளபடியே சந்தோஷப்பட்டார்கள். எதிர்த்துப் பேசாத, தலைவலிக்காத, தாய்வீடு என்று ஆரம்பிக்காத மருமகள் யாருக்குக் கிடைப்பாள்? ஆளைவிடப் புள்ளி மேல் என்று தங்கபாய் தண்ணீர்க் குழாயடியில் வாய்விட்டே சொன்னாள். குழந்தைகள் மட்டும் அதன் மடியில் ரொம்ப நேரம் உட்காருவதில்லை. "இந்த அம்மைக்குச் சூடு இல்ல" என்று ஒரு குழந்தை சொன்னது, பெரியவர்கள் சிரித்தார்கள்.

லீமாவால் சிரிக்க முடியவில்லை. அவள் கடையிலும் என்னவோ சரியில்லை. ராத்திரி பாதியில் விட்டுப் பூட்டிப் போகும் போன், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வேலை முடிந்து துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அசதியில் நாம்தான் முடித்துவிட்டு மறந்திருப்போம் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பயப்படுகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் போதும்.

பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தியான ரெஜினியின் காரியம் நடந்தது. புதுப்பிக்கும் நாளான ஒரு சனிக்கிழமை கடைக்கு வராமல் அவள் பள்ளிக்கூடத் தோழியோடு கடற்கரைக்குப் போயிருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறவள். அன்றும் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதே, பாதிச் சிரிப்பில், தோழிக்கு எதிரே வெறும் மணல் இருந்தது, ஒரு ஜோடிச் செருப்பும் கறுத்துப்போன ஒரு போனும் இருந்தன. கையெழுத்தின் ஆயுசு முடிந்துவிட்டிருந்தது. படம் கடைசியாகச் சொன்ன இடத்தில் இருந்தவளே மிஞ்சினாள். தோழி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ரெஜினி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிறவளைக் காணவில்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

லீமா நேரில் போய்ப் பார்த்தாள். "ரெஜினி, என்னைத் தெரியுதா மக்கா?" என்று கேட்டாள். "இங்கதான் இருக்கேன்" என்றது அது. கஸ்தூரி மஞ்சள் பூசிய அழகான முகம். புருஷன் அங்கிருந்து போனில் நன்றி சொல்லியிருந்தான், பெண்டாட்டி இப்போதெல்லாம் ரொம்பத் திருந்திவிட்டாளாம். ஒருவரும் அழவில்லை, அழுவதற்கு ஒருவரும் செத்துப்போகவில்லை. அதுதான் லீமாவைப் பயமுறுத்தியது. அன்று முதல் அவளுக்கு உறக்கம் போயிற்று.

எல்லாத் தையலையும் பிரித்துவிடுகிறேன் என்று அவள் பெண்களிடம் கெஞ்சினாள். ஆப்பை அழித்தாலும் ஆயுசு முடிந்தாலும் புள்ளிதான் மிஞ்சும், அவள் கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு முறையாகப் பிரித்தால்தான் ஆள் ஆளாக இருக்க முடியும். யாரும் கேட்கவில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை ஒழுங்கா வந்துருவோம்க்கா, ரெஜினிக்குப் புத்தியில்ல" என்றார்கள். ஷைனியும் அதையே சொன்னாள். "பரீட்சை மட்டும் முடியட்டும்க்கா. அப்பொறம் பிரிச்சுரு."

"ஒனக்குப் பரீட்சை. எனக்கு உயிர் போகுது. மூளையக் கழத்தி ஆஸ்பத்திரியில வச்சுட்டா வந்த?"

"திட்டு, திட்டு. நீ திட்டுனாத்தான் நான் நானாட்டு இருக்கேன்னு எனக்கே தெரியுது."

லீமா திட்டினாள், அப்புறம் புதுப்பித்தும் கொடுத்தாள்.

பரீட்சையன்று மத்தியானம் அவளுடைய கம்ப்யூட்டருக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தக் கையெழுத்து அளவுக்கு மீறிய போன்களில் காணப்படுவதால் இன்று மாலை ஆறு மணியோடு ரத்து செய்யப்படுகிறது என்று போன் கம்பெனி ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தது. லீமா அதை இரண்டு தடவை வாசித்தாள். ஒரே கையெழுத்து. ஊரிலுள்ள அத்தனை பெண்களையும் அவள் ஒரே நூலில் கோர்த்து வைத்திருந்தாள், நூல் அறுந்தால் எல்லோரும் உதிர்வார்கள்.

முதலில் ஷைனிக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தார்கள்.

"ஷைனி, எங்க இருக்கட்டி?"

"இங்கதான் இருக்கேன்" என்றது குரல். பின்னால் தங்கபாயின் டிவி கேட்டது. போன் தங்கச்சியின் பையில்தான் இருக்கும், ஆனால் அழைப்பு போவது புள்ளிக்கு. மற்றவர்களுக்குச் செய்தாள். ஒவ்வொரு எண்ணிலும் அதே குரல், அதே பதில். லீமா போனை மேஜை மேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து இரண்டு கோயிலுக்கும் ஓடினாள்.

அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பூசாரியும், மாதா கோயில் ஒலிபெருக்கியில் ஃபாதரும் மாறி மாறிச் சொல்ல ஆரம்பித்தார்கள். புள்ளி உள்ளவர்கள் எல்லோரும் எங்கே இருந்தாலும் ஆறு மணிக்குள் அவரவர் வீட்டுப் படியேறிவிட வேண்டும், ஆளும் புள்ளியும் சேர்ந்து நிற்கும்போது கையெழுத்து போனால் மோசமில்லை, பிரித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கடைக்கு வரலாம். கண்டக்டர்கள் பஸ்ஸுக்குப் பஸ் சொன்னார்கள், ஆட்டோக்காரர்கள் தையல் கடையிலும் சந்தையிலும் போய்க் கூவினார்கள், ஆள் மாறி ஆளாகச் செய்தி கன்னியாகுமரி வரை போயிற்று. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். லீமா ஒரு போனை முடித்து அடுத்த போனைச் சொருகி, அதை முடித்து அடுத்ததை வாங்கி, தலை நிமிராமல் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் போனையெல்லாம் பார்த்த அவசரத்தில் தன் டிராயரை அவள் நினைக்கவே இல்லை.

ஐந்து மணியாகியும் ஷைனி வரவில்லை. அவள் வழக்கமாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் சாம்ராஜுக்குப் போன் செய்தாள்.

"ஆத்தங்கால் ரயில்வே கேட்டுல கிடக்கோம் லீமா. குறுக்க ஒரு ட்ரெய்லர் அச்சு முறிஞ்சு நிக்கு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒண்ணும் நகராது. ஒன் தங்கச்சி முன்னால சீட்டுல இருந்து ஒறங்குது."

"எழுப்புங்கண்ணே. கேட்டுக்கு இந்தப் பக்கம் நடந்து வந்து ரோட்டோரம் நிக்கச் சொல்லுங்க. நான் வாறேன்."

கம்ப்யூட்டரையும் கேபிளையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த பெண்களை வீட்டுப் படிக்கு விரட்டிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஷட்டரை இறக்கக்கூட நிற்கவில்லை. ரப்பர் தோட்டத்து வளைவுகளில் வண்டி சறுக்கியது. ரெஜினியின் மஞ்சள் முகத்தில் ஷைனியின் கண்கள் இருப்பது போல மறுபடி மறுபடி தோன்றி அவளை உலுக்கியது. பாதி தூரம் போனபோது, வீடு போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமலிருந்த ஒரே பெண் ஜெபமலர் நினைவுக்கு வர, அவளுடைய தம்பி எண்ணுக்குப் போட்டாள். தம்பியின் போனை வைத்திருந்த ஜெபமலரே எடுத்தாள்.

"ஏட்டி, வீடு சேந்தியா?"

"எங்கக்கா வீடு? ஒங்க கடை வாசல்லதான நிக்கேன். என் போன ஒங்க கையில குடுத்துட்டு நிக்கேன். முன்னால இருந்துக்கிட்டே போன்ல பேசுதிய, வாய்கூட அசையல!"

லீமா பிரேக்கைப் பிடித்தாள்.

காலையில் தானாக முடிந்திருந்த போன்களெல்லாம் ஒரு நொடியில் அவளுக்கு நினைவு வந்தன. டிராயரும் பழைய போனும் நினைவு வந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் வழக்கப்படி முதலில் அதைத்தான் அவள் புதுப்பித்தாள். பகலெல்லாம் கடையிலேயே கிடந்ததால் தனக்கும் ஒருத்தி உண்டென்று அவள் அறியவே இல்லை.

"மலரு, நல்லாக் கேளு. அந்த டிராயர்ல ஒரு பழைய போன் இருக்கு. அத எடுத்துக்கிட்டு ஆட்டோ பிடிச்சு ஆத்தங்கால் கேட்டுக்கு..."

"நீங்க டிராயர் மேல கைய வச்சுட்டு இருந்தா நான் எப்டிக்கா எடுக்க?" அவள் சிரித்தாள். "நேரம் காலம் தெரியாம விளையாடுதிய."

"அப்ப ஒன் வீட்டுக்கு ஓடு. அங்க நிக்காத, ஓடுட்டி!" என்று லீமா கத்தினாள், ஜெபமலர் பயந்து ஓடும் சத்தம் கேட்டது.

ஸ்கூட்டர் ஓரமாக உறுமிக்கொண்டிருந்தது. திரும்பினால் ஆறு மணிக்குள் கடைக்குள் காலை வைத்துவிடலாம். நேரே போனால் ஆறு மணிக்குள் ஷைனியிடம் போய்விடலாம். இரண்டும் முடியாது. லீமாவுக்கு அப்போது வந்த பயம் சாதாரணமானதல்ல, அம்மையைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே நேரே போனாள்.

ஷைனி ரோட்டோரம் மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். "பரீட்சை நல்லா எழுதியிருக்கேன்க்கா" என்று ஆரம்பித்தவளின் பையை லீமா பிடுங்கினாள், போனை எடுத்தாள், ஸ்கூட்டர் சீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக் கேபிளைச் சொருகினாள்.

"பரீட்சையாம் பரீட்சை! ஒலகமே கத்துது, நீ சீட்டுல வாயப் பொளந்துக்கிட்டு ஒறங்குத. கழுத, கழுத. ஒன்னப் பெத்த நேரத்துல அம்ம ஒரு தென்னம்பிள்ள வச்சிருக்கலாம். இனி சொல்லுதேன், அந்த வேலைய விடாத. யார் என்ன சொன்னாலும் விடாத. எங்க போறதுன்னாலும் சொல்லிட்டு, முன்வாசல் வழியா, ஒன் கால்ல போ. பொய் சொல்லிட்டுப் போகாத. விளங்குதா?"

"விளங்குது. என்னத்துக்குக்கா அழுத?"

திரையில் தையல் பிரிந்தது. பழைய ஆப் போனில் திரும்ப ஏறியது. தேரிவிளையில், தங்கபாயின் அடுக்களையில், உள்ளி அரிந்துகொண்டிருந்த கத்தி தானாகப் பலகை மேல் விழுந்தது என்று பின்னால் தெரிந்தது. நீலப் புள்ளி படத்தில் ஒரு துள்ளு துள்ளி ஆத்தங்கால் கேட்டில் வந்து நின்றது. எட்வின்ராஜிடமிருந்து போன் அடிக்கத் தொடங்கியது. ஷைனி எடுக்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமாட்டு இருக்குட்டி" என்றாள் லீமா. "கையப் பிடிச்சுக்க."

ஷைனி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்காவின் உள்ளங்கை வேர்த்துச் சூடாக இருந்தது, சாலிடர் சுட்ட பழைய தழும்பு விரலில் தட்டியது. கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஏதோ ஒரு மாதா கோயில் மணி ஆறு அடித்தது. ஷைனியின் கைக்குள் வேர்வை மட்டும் இருந்தது.

இனி இந்தக் கதையை ஷைனியோடுதான் கொண்டுபோக வேண்டும், வேறு ஆள் இல்லை. அவள் ஸ்கூட்டரைத் தானே ஓட்டிக்கொண்டு, கத்தி அழுதுகொண்டு, ஊருக்கு வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. தேரிவிளை சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் தப்பித்துவிட்டார்கள், பூசாரி சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். கடையில் விளக்கு எரிந்தது. உள்ளே லீமா உட்கார்ந்து ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள், வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

ஷைனி அவர்களை விலக்கிக்கொண்டு போய் மேஜையில் முட்டி நின்றாள். முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக இருந்தது. எட்டி அந்தக் கையைத் தொட்டாள். தழும்பு இருந்தது, சூடு இல்லை.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டுப் போனேன்லா" என்றாள். "நேரங்கெட்ட நேரத்துல வந்திருக்கேன்லா. என்ன ஒரு வார்த்த திட்டேன்க்கா."

அது நிமிர்ந்து பார்த்தது. நல்ல பொறுமையான முகம்.

"இங்கதான் இருக்கேன், ஷைனி" என்றது.

"அக்காவத்தான் பாத்தாச்சுல்லா" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, எனக்கு சார்ஜ் ஏறமாட்டேங்கு."